அத்தை கேட்ட அவகாசம்

அத்தை வாயைத் திறந்தால் அவகாசம்தான். "கொஞ்சம் அவகாசம் குடுங்கய்யா", "ஒரு அவகாசம் குடும்மா" என்று நாளெல்லாம் யாரிடமாவது கேட்டுக்கொண்டே இருப்பாள். மனுஷர்களிடம் கேட்டால் சரி. அடுப்பில் பொங்குகிற கஞ்சியிடமும் கேட்பாள். "இரு, இரு, ஏன் இப்படிக் குதிக்கே, அகப்பையை எடுக்க அவகாசம் குடு" என்பாள். தேயிலைக்குள் நிற்கும்போது காலில் அட்டை ஏறினால், கொழுந்து பறிக்கிற கையை நிறுத்தாமல் குனிந்து பார்த்து, "குடிக்கிறதுதான் குடிக்கே, கூடையை எறக்குற வரைக்கும் அவகாசம் குடுக்கக் கூடாதா?" என்று அதனோடு வழக்காடுவாள். பக்கத்து நிரையில் நிற்கிற பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

அத்தை எனக்குச் சொந்த அத்தை அல்ல. லயத்தில், எஸ்டேட்டின் வரிசை வீடுகளில், அடுத்த வாசல். எங்கள் வீட்டாரும் அவர்களும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஒரே கங்காணியின் பின்னால் மலையேறி வந்தவர்கள். நாங்கள் மாரியம்மனைக் கும்பிட்டோம், அவர்கள் வேதக்காரர்கள். இப்போது சித்திரபுரம் என்கிறார்களே, அந்தப் பக்கத்து மலை. எஸ்டேட்டின் பெயரை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், சொன்னால் வாயைக் கழுவ வேண்டும். அத்தைக்கும் ஒரு பெயர் இருந்தது. அதை எழுத எனக்கு மனசு வரவில்லை. அத்தை என்றே இருக்கட்டும்.

விடியுமுன் கங்காணி கொம்பு ஊதுவார். ஊதி முடிக்குமுன்னே அத்தையின் கதவுக்குள்ளிருந்து குரல் வரும். "அய்யா, ஒரு அவகாசம் குடுங்க, ரெண்டு வாய் கஞ்சி குடிச்சிட்டு வாரேன்." மற்றவர்கள் கேட்டால் கங்காணி குடையால் கதவில் இடிப்பார். அத்தை கேட்டால், "உனக்கு இது பொழப்பாப் போச்சு" என்று முனகிக்கொண்டு நிற்பார். ராத்திரி ஜெபத்திலும் இதே கதைதான். சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருக்கிற எனக்கு நன்றாகக் கேட்கும். "ஆண்டவரே, மழையைச் சித்த நேரம் நிறுத்திவையும், விறகு காய அவகாசம் தாரும்." அட, ஆண்டவரிடமே கேட்பது என்று ஆகிவிட்டது, ஒரு நிலம், ஒரு வீடு என்று கேட்டால் என்ன? அத்தைக்குக் கேட்கத் தெரியாது. அவள் அறிந்த சொத்து நேரம் ஒன்றுதான், அதையும் கொஞ்சமாகத்தான் கேட்பாள்.

மாமா காய்ச்சலில் செத்துப்போனார். தூக்குவதற்கு ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள். மலையில் மழை ஏறிக்கொண்டிருந்தது, குழிக்குள் தண்ணீர் நிறைந்துவிடும் என்று அவசரப்பட்டார்கள். அத்தை வாசலை மறித்து நின்று, "அவுகளுக்கு இன்னும் தலை சீவல. ஒரு அவகாசம் குடுங்க" என்றாள். உள்ளே போய் எண்ணெய் தொட்டு, வகிடு எடுத்து, ஒரு மயிர் பிசகாமல் சீவிவிட்டாள். அதற்கப்புறம்தான் அழுதாள். அதுவரைக்கும் ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை.

என்னை மருமவனே என்றுதான் கூப்பிடுவாள். அவளுக்குப் பெண் பிள்ளை கிடையாது, ஞானமுத்து ஒருத்தன்தான். "மருமவனே, உனக்கொரு பொண்ணுக்கு நான் எங்க போவேன்? அவகாசம் குடு, எங்கயாச்சும் தேடிப் புடிக்கேன்" என்பாள். எனக்கு மீசைகூட அரும்பாத வயசு. வெட்கத்தில் ஓடுவேன். ஞானமுத்து என்னைவிட மூத்தவன், நல்ல உயரம், தின்ன உட்கார்ந்தால் சட்டியைக் கவிழ்த்துப் பார்க்கிற ஆள். அவனும் நானும் பேக்டரியில் ஒன்றாகத்தான் இருந்தோம்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஞானமுத்து பிழைக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு மத்தியானம் செத்துப்போனான். பிழைத்துவிடுவானோ என்று கடைசி வரை படித்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள். நான் சொல்ல வந்தது, அந்தக் கட்டிலை அத்தை எப்படிக் கேட்டாள் என்பதை.

பேக்டரியில் எங்களுக்கு அப்பரசண்டி என்று பெயர். துரை அப்பிரண்டிஸ் என்று சொன்னதை லயத்துக்காரர்கள் அப்படி ஆக்கிவைத்திருந்தார்கள். அப்பரசண்டி என்றால் வேலை பழகுகிறவன். வேலைக்காரன் அல்ல. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் எங்கள் தாய் தகப்பன்மார் தேங்காய் உடைத்து, வெற்றிலை பாக்கு வைத்து, "பிள்ளையைப் பழகக் குடுக்குதோம்" என்று டீமேக்கர் கையில் எங்களைப் பிடித்துக் கொடுத்தார்கள். டீமேக்கர் என்றால் பேக்டரிக்குப் பெரியவர். நாகர்கோவில் பக்கத்து ஆள், வெள்ளை வேட்டி, எந்நேரமும் கையில் ஒரு சாவிக்கொத்து. மூன்று மழைக்காலம் பழகினால் வேலைக்காரனாக எடுத்துக்கொள்வோம் என்று வாயால் சொன்னார். அதுவரைக்கும் அரிசி உண்டு, போர்த்திக்கொள்ள ஒரு கம்பளி உண்டு. கூலி என்ற பேச்சே கிடையாது.

பழகியது என்னத்தை? வாடப்போட மாடிக்கு இலை சுமந்தோம், வாடிய இலையை மூட்டை கட்டி இறக்கினோம், உருட்டு மிஷினுக்குக் கொட்டினோம், அடுப்புக்கு விறகு பிளந்தோம், டீமேக்கர் வீட்டு மாட்டுக்குப் புல் அறுத்தோம். அந்த மிஷினை ஓட்டியதே நாங்கள்தான். மூன்றாவது மழை முடிந்து போய்க் கேட்டால், "இன்னும் கொஞ்சம் அவகாசம் ஆகட்டும்டே, கை திருந்தட்டும்" என்பார். நான்காவது மழையும் போகும். நன்றாக மீசை முளைத்துவிட்டால், "உனக்கு மிஷின் வராது" என்று லயத்துக்கு விரட்டிவிட்டு, புதுசாக ஒரு பொடியனைக் கொண்டுவந்து நிறுத்துவார். அவன் வீட்டிலிருந்தும் தேங்காய் வரும். என் கண்ணுக்குத் தெரிய ஒருத்தன்கூட அப்பரசண்டியிலிருந்து வேலைக்காரன் ஆனது கிடையாது. படுபாவிகள்!

வேலைக்காரனா இல்லையா என்பதற்கு மலையில் ஒரே அடையாளம்தான். காலையில் ஆள் எல்லாரும் ஒரு வெட்டவெளியில் வந்து நிற்பார்கள், அதற்குப் பெரட்டு என்று பெயர். கங்காணி ஒவ்வொருவராகப் பேர் கூப்பிடுவார். பேருக்கு உரியவர் தன் வாயால் "இருக்கேன்யா" என்று சொல்ல வேண்டும். கூப்பிட்ட பேர் இருந்தால்தான் எஸ்டேட்டுக்கு அப்படி ஒரு ஆள் உண்டு. காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரியில் படுக்கலாம். எங்களைப் பெரட்டில் கூப்பிட மாட்டார்கள். மற்றவர்கள் "இருக்கேன்யா, இருக்கேன்யா" என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டே நாங்கள் ஓரமாகப் பேக்டரிக்கு நடப்போம்.

ஞானமுத்துவுக்கு அந்த ஒரு வார்த்தையின் மேல் அப்படி ஒரு பித்து. மாடியில் இலையைப் பரப்பிக்கொண்டிருக்கும்போது என்னைக் கங்காணி மாதிரி கூப்பிடச் சொல்வான். நான் மூக்கால் "ஞானமுத்தோய்" என்பேன். அவன் விறைத்து நின்று "இருக்கேன்யா!" என்பான். பிறகு, "இது ரொம்ப விறைப்பா இருக்குல்லா?" என்று அடித்தொண்டையில் ஒரு தடவை, ராகம் போட்டு ஒரு தடவை. எல்லாப் பையன்களும் உருண்டு சிரிப்போம். அத்தையிடம் போய்ச் சொன்னேன். "கொஞ்சம் அவகாசம் குடுலே, கூப்பிடத்தான் போறாவ" என்று மகன் தலையில் குட்டினாள். குட்டிய கையாலேயே தடவியும் விட்டாள்.

அந்த மழையில் அது நடந்தது. உருட்டு மிஷின் சுற்றும்போது இலை சிதறி அடியில் விழும். அதை வாரி எடுக்க வேண்டும் என்றால் மிஷினை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் திரும்ப வேகம் பிடிக்க நேரமாகும் என்று டீமேக்கர் நிறுத்த விடமாட்டார். "ஓடும்போதே வாருலே, கை என்ன கண்ணாடியா?" என்பார். ஞானமுத்து கையை விட்டான். மிஷின் கையைப் பிடித்துக்கொண்டது. நான் கத்திய கத்தலில்தான் மிஷினின் தோல்வாரை இழுத்து நிறுத்தினார்கள். வலது கையில் பெருவிரலும் பக்கத்து விரலும் மட்டும் முழுசாக இருந்தன.

ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் கழுவிக் கட்டுப் போட்டு ஒரு கட்டிலில் படுக்கவைத்தார். மறுநாள் காலையில் அவரே வந்து எழுப்பி, "பெரட்டில் பேர் இல்லியாமே, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று அத்தையிடம் சொல்லிவிட்டார். அத்தை கையெடுத்துக் கும்பிட்டாள். "காயம் ஆறுற வரைக்கும் அவகாசம் குடுங்கய்யா, ஒரு மூலையில கிடக்கட்டும்." அவர் கெட்டவர் இல்லை. குரலைத் தாழ்த்தி உள்ளதைச் சொன்னார்.

"இது தெனமும் அவுத்துக் கழுவி மருந்து வைக்க வேண்டிய காயம்மா. லயத்து மண்ணுல கிடந்தா விஷம் ஏறிரும். எனக்குத் தெரியாமலா? பேர் இல்லாதவனுக்கு மருந்து எடுத்தா என் சோறு போயிரும்."

கட்டில் இருந்தால் பிள்ளை பிழைப்பான், பேர் இருந்தால் கட்டில் உண்டு. அத்தைக்குக் கிடைத்த கணக்கு அவ்வளவுதான். அத்தை கிளம்பிவிட்டாள். கங்காணியிடம் போனாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "பேக்டரி ஆளை நான் எப்படிக் கூப்பிடுவேன், டீமேக்கரைக் கேளு" என்றார். டீமேக்கர் வீட்டு வாசலுக்குப் போனாள். "அவன் பழக வந்தவன். பழகத் தெரியாம கையை விட்டான். அதுக்கு எஸ்டேட்டு என்ன செய்யும்?" என்றார் அவர், சாவிக்கொத்திலிருந்து கண்ணை எடுக்காமல். அத்தை திரும்பத் திரும்ப அவகாசம் கேட்டாள். மறுநாள் போனாள், அதற்கு மறுநாளும் போனாள். கும்பிட்டு நின்ற அவளை யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இங்கே ஞானமுத்துவின் கட்டு ஈரத்தில் நாற ஆரம்பித்துவிட்டது.

அந்தச் சமயத்தில் கவர்மெண்டு அதிகாரி ஒருவர் முகாம் வந்து எஸ்டேட் பங்களாவில் தங்கியிருந்தார். மலையாளி. எதற்கு வந்தார் என்று எங்களுக்குத் தெரியாது. அவர் குளிக்க வெந்நீர் போட என்னைப் பேக்டரியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். அப்பரசண்டிக்கு இன்ன வேலைதான் என்று உண்டா? நான் பங்களாவின் பின்பக்கம் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தபோது அத்தை கூடையை இறக்கிவைத்துவிட்டு முன்பக்கம் போய் நின்றாள். நான் சுவர் மூலையிலிருந்து எட்டிப் பார்த்தேன்.

அதிகாரி வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டீமேக்கர் கைகட்டி நின்றார். அத்தை படியில் முட்டிக்கால் போட்டாள்.

"அய்யா, என் மவனுக்குப் பேக்டரியில கை போச்சு. ஆஸ்பத்திரிக் கட்டில்ல கிடக்க அவகாசம் குடுக்கச் சொல்லுங்கய்யா. வேற ஒண்ணும் கேக்கல. அவகாசம்தான் கேக்குதேன்."

இத்தனை நாள் யாரும் நிமிராத அந்த வார்த்தைக்கு இவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். முகம் சிவந்துபோயிற்று.

"அவகாசமோ? அப்ரண்டிசினு எந்து அவகாசம்? ஆரா நின்னெ இது படிப்பிச்சது?"

யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்கிறார் என்கிற அளவுக்கு அத்தைக்குப் புரிந்தது. அவள் வெள்ளை மனசோடு, "யாரும் படிப்பிக்கலய்யா. நாங்க எப்பவும் கேக்குறதுதான். லயத்துல எல்லாரும் கேப்பாவ" என்றாள்.

டீமேக்கரின் முகத்தில் ஈயாடவில்லை. அதிகாரி அவரைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்து, "போ! போ!" என்று கையை வீசினார். அதிகாரியின் பியூன் ஓடிவந்து அத்தையின் தோளைப் பிடித்துத் தூக்கி வெளியே தள்ளிக்கொண்டு வந்தார். அந்தப் பியூன் செங்கோட்டைக்காரர், இரண்டு பாஷையும் அறிந்தவர். நானும் பின்னாலேயே ஓடினேன். வாசலைத் தாண்டியதும் பியூன் தலையில் அடித்துக்கொண்டார்.

"என்னம்மா நீ, அந்த ஆளு முன்னாடி போயி அவகாசம் அவகாசம்னு நிக்கே? அவிய பாஷையில அவகாசம்னா நேரம் இல்ல, உரிமை. எனக்கு உரிமை இருக்கு, குடுன்னு நீ கேட்டதா ஆயிருச்சு. லயத்துல எல்லாரும் கேப்பாவன்னு வேற சொல்லிட்டு வாரே!"

அத்தை கூடையைத் தூக்கப் போனவள் அப்படியே நின்றாள். "உரிமைன்னா? முறைப்பொண்ணு கேக்குறதுதான?"

"அதான். மாமன் மவளைக் கேக்குறவன் கும்பிட்டா கேப்பான்? நெஞ்சை நிமித்திட்டுல்லா கேப்பான். அது மாதிரி."

"வேலைக்கும் அப்படி ஒண்ணு உண்டா?"

"எனக்கென்னம்மா தெரியும்? பட்டணத்துப் பக்கம் பேசிக்கிடுதாவ. நீ போ, என்னையும் சேத்து மாட்டிவிடாத."

என்னையும் கூட்டிக்கொண்டு அத்தை லயத்துக்கு இறங்கினாள். வளைவில் நின்று, "மருமவனே" என்றாள். "நேரம் கேட்டு நாய் மாதிரி அலைஞ்சேன். ஒருத்தனும் ஏன்னு கேக்கல. இந்த அவகாசத்தைக் கேட்டதும் எந்திரிச்சு நின்னுட்டான் பாத்தியா? இல்லாத ஒண்ணைக் கேட்டா சிரிச்சிருப்பான்லா? அவனுக்கு ஏன்லே கோவம் வருது?" எனக்குப் பயம்தான் வந்தது. அத்தையின் முகத்தில் அதற்குமுன் நான் பார்க்காத ஒன்று இருந்தது, அது எனக்குப் பிடிக்கவில்லை.

நான் இப்போது இருப்பது பெருமாட்டி என்கிற ஊரில். தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஒரு எண்ணெய்ச் செக்கு மில்லில் மிஷின் பார்க்கிறேன். அந்த எஸ்டேட்டில் கூலியில்லாமல் பழகியது இங்கே சோறு போடுகிறது, அதையும் சொல்லாமல் விடக்கூடாது. ஒரு தடவை பக்கத்துச் சித்தூர் ஆபீசில் ஒரு குமாஸ்தா என் முதலாளியிடம் மலையாளத்தில், அது உங்கள் அவகாசம்தானே, தைரியமாகக் கேளுங்கள் என்று சொன்னார். முதலாளி கொங்குக்காரர், "சரிங்க, கேட்டுப்போடறேனுங்க" என்று சிரித்தார். நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். "ஏனுங்க, உடம்புக்குச் சரியில்லீங்களா?" என்று முதலாளி தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். அத்தை அந்தக் கதை முடிந்தபிறகும் அதே மலையில் சாகிறவரைக்கும் கொழுந்து பறித்தாளாம். யாரிடமும் அவகாசம் கேட்டதில்லையாம். கொம்பு ஊதுமுன்னே வாசலில் வந்து நிற்பாளாம். அந்த மலையிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள்.

பங்களாவுக்குப் போய் வந்த மறுநாள் காலை. ராத்திரி முழுக்க மாடியில் வாடிய இலையை நாங்கள் மூட்டை கட்டிப் படியிறங்கி வந்தோம். படி முடிகிற இடத்தில் உருட்டு மிஷின் இருக்கிற அறைக்கு ஒரே ஒரு வாசல். அந்த வாசலில், நிலைக்கு நிலை கால் நீட்டி அத்தை உட்கார்ந்திருந்தாள்.

டீமேக்கர் உள்ளே இருந்து வந்தார். "என்னம்மா இது?"

"அவகாசம் கேக்க வந்திருக்கேன்யா" என்றாள் அத்தை. "நேரம் இல்ல. மத்தது."

அவர் முதலில் சிரித்தார். பிறகு எங்களைப் பார்த்து, "என்னலே வேடிக்கை? தாண்டி வாங்க" என்றார். நாங்கள் மூட்டையோடு நின்றோம். எப்படித் தாண்டுவது? கால் நீட்டி உட்கார்ந்திருக்கிற பிள்ளையைத் தாண்டினாலே எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் பதறுவார்கள், திருப்பித் தாண்டச் சொல்லி அடிப்பார்கள். பெற்றவள் ஒருத்தியைத் தாண்டுகிறவன் விளங்குவானா? முன்னால் நின்ற பொடியன் அழ ஆரம்பித்துவிட்டான். அவனுக்குப் பின்னால் நான். என் கால் எழவில்லை. தைரியம் என்று நினைக்காதீர்கள், தாண்டக் கூடாது, அவ்வளவுதான்.

"தாண்டுங்கலே!" என்று டீமேக்கர் கத்தினார். ஒருத்தரும் அசையவில்லை. அவரே வழிகாட்டுகிறவர் போல வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காலை உயர்த்தினார். அத்தை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள், காலை மடக்கவில்லை. உயர்த்திய கால் அந்தரத்தில் நின்றது. அவரும் எங்கள் பக்கத்துச் சீமைக்காரர்தானே? காலைத் திரும்ப இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

வாடிய இலைக்கு ஒரு பதம் உண்டு. பதம் தப்பினால் மூட்டைக்குள்ளேயே சூடேறிக் கெட்டுப்போகும். மற்றவர்கள் எல்லாம் அவகாசம் கொடுப்பார்கள், இலை கொடுக்காது. மூட்டைகள் எங்கள் தோளில் சூடேறுவது எங்களுக்கே தெரிந்தது. மிஷின் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. துரை வந்துவிடுவார் என்று டீமேக்கர் வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடந்தார். சாவிக்கொத்தை இடுப்பில் செருகினார், எடுத்தார். கடைசியில் அத்தைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"உனக்கு என்னம்மா வேணும்?"

"என் மவன் பேரைப் பெரட்டுல கூப்பிடணும். கூப்பிட்டுக் கட்டில்ல போடணும்."

"சரி, செய்யுதேன். துரைகிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்லா. ஒரு நாள்... எம்மா, ஒரே ஒரு நாள் அவகாசம் குடு. நாளைக்குக் காலையில கூப்பிடச் சொல்லுதேன்."

எங்கள் எல்லாருக்கும் கேட்டது. அந்த மனுஷன் அத்தையிடம் அவகாசம் கேட்டார்! பிறந்ததிலிருந்து ஊரெல்லாம் அவள் கேட்டுக்கொண்டிருந்ததை இப்போது அவளிடம் ஒருத்தன் கேட்கிறான். கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

"நாளைக்குக் காலையில?"

"வேதத்து மேல சத்தியம்."

"சரிய்யா" என்று அத்தை காலை மடக்கினாள். "ஒரு நாள் குடுத்தேன்."

நாசமாய்ப் போக! ஏன் அத்தை கொடுத்தாய்? அந்த வாசலில் அப்படியே கிடந்திருக்கக் கூடாதா? இலை கெட்டுத் தொலையட்டுமே. பேக்டரியே கெட்டுத் தொலையட்டுமே. அன்றைக்கே கட்டிலுக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பானா என்று டிரஸ்ஸரிடம் பின்னால் கேட்டேன். அவர் மருந்துப் பெட்டியைத் திறந்து ஏதோ தேட ஆரம்பித்தார்.

அன்று சாயங்காலம் ஞானமுத்து கஞ்சியை மெல்ல முடியவில்லை என்றான். "தாடை வலிக்கும்மா" என்றான். பல்வலி என்று நினைத்து அத்தை கிராம்பு வைத்துவிட்டாள். நான் போய் உட்கார்ந்து, நாளைக்கு உன் பேரைக் கூப்பிடப் போகிறார்கள் என்று சொன்னேன். நன்றாயிருக்கிற கையால் என் முதுகில் அடித்தான். எந்தக் குரலில் பதில் சொல்லலாம் என்று கேட்டான். அடித்தொண்டையில் சொல்லு, அதுதான் எடுப்பாக இருக்கும் என்றேன். சிரிக்கப் பார்த்தான், வாய் சரியாகத் திறக்கவில்லை. காயத்து விஷம் ஏறி, விடிவதற்குள் வாய் பூட்டிக்கொண்டது. உடம்பு வில்லாய் வளைந்து வளைந்து நிமிர்ந்தது. கண் மட்டும் தெளிவாக இருந்தது.

கொம்பு ஊதினார்கள். அவனைக் கம்பளியில் கிடத்தி நானும் மற்ற அப்பரசண்டிகளும் நான்கு முனையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரிக்கு நேராகத் தூக்கிக்கொண்டு ஓடலாம் என்றேன். "பேரைக் கூப்பிடாம எடுக்க மாட்டாவலே" என்றாள் அத்தை. பெரட்டில் எல்லாருக்கும் முன்னால் கம்பளியை இறக்கினோம். அத்தை அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு தூறலில் உட்கார்ந்தாள். டீமேக்கர் குடை பிடித்துக்கொண்டு தள்ளி நின்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றத்தான் வந்திருந்தார், அதையும் சொல்ல வேண்டும்.

கங்காணி பேர் கூப்பிட ஆரம்பித்தார். ஒவ்வொருவராக "இருக்கேன்யா" என்றார்கள். ஞானமுத்து மேலே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு கங்காணி கம்பளிப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார்.

"ஞானமுத்து."

அவன் கண் விரிந்தது. குரல்வளை ஏறி இறங்கியது. மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது, அது வார்த்தை இல்லை. கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. பல் பல்லை விட்டு அசையவில்லை.

"ஞானமுத்து" என்று கங்காணி இன்னொரு தடவை கூப்பிட்டார்.

"சொல்லுய்யா. உன்னத்தான் கூப்பிடுதாவ" என்று அத்தை குனிந்து மகன் காதில் சொன்னாள். அவன் உதட்டின் மேல் விழுந்த மழைத் தண்ணீரை முந்தானையால் துடைத்தாள். பிறகு தலையைத் தூக்கிக் கங்காணியைப் பார்த்தாள்.

"கொஞ்சம் அவகாசம் குடுங்கய்யா" என்றாள். "சொல்லிருவான்."

கங்காணி அடுத்த பேரைக் கூப்பிடவில்லை. நாங்கள் எல்லாரும் மழையில் நின்றுகொண்டிருந்தோம்.